குரல் கொடுக்காத வளைவு

வாசனைக்குக் கரடி வரும் என்று தெரிந்தும் கணவன் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே பன்றிக்கறி பொரித்ததற்காகக் காலையில் மூண்ட சண்டை. அதற்குப் பிறகு ரெட்டாவும் அவள் கணவன் ஹார்லனும் பேசாமலே மலையேறுகிறார்கள். மொன்டானாவின் இந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் "ஏ கரடி, வர்றோம்!" என்று, கரடி திடுக்கிடாமல் முன்பே விலகிப்போகக் குரல் கொடுப்பது இருவருக்கும் சிறு வயதுப் பழக்கம். இன்று அவன் கொடுக்கட்டும் என்று அவளும், அவள் கொடுக்கட்டும் என்று அவனும் வாயை இறுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது வளைவில் பழப்புதர் எழுந்து நிற்கிறது. புதரில்லை, கரடி. இருபதே அடி. அதன் முதுகுக்குப் பின்னால் சூரியன். ஒவ்வொரு மயிரும் பொன்னாய் எரிகிறது, மோவாயில் ஊதாச் சாறு சொட்டுகிறது. ஹார்லனின் கட்டைவிரல் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயின் பூட்டை மெல்ல நீக்குகிறது. கரடி, பொரித்த வாசம் ஏறிய அவன் சட்டையின் பக்கம் மூக்கை நீட்டி மூச்சை இழுக்கிறது. அந்தச் சத்தம் ரெட்டாவின் நெஞ்சுக்குள் கேட்கிறது. இத்தனை பெரிய உயிர் தன்னைப் பார்க்கிறதே என்பதில் அவளுக்குப் பயம்கூட மறந்துபோகிறது.

"தப்புதான்," என்கிறான் ஹார்லன் தாழ்ந்த குரலில், கரடியிடம். "அங்க பொரிச்சிருக்கக் கூடாது. நீ சாப்பிடு, நாங்க போயிடறோம்."

"காலையிலேருந்து எங்கிட்ட வராத வார்த்தை, உங்கிட்ட வருது பாரு," என்று ரெட்டாவும் அதே மெல்லிய குரலில் கரடியிடம் சொல்கிறாள். இருவரும் தோளோடு தோளாகப் பின்வாங்குகிறார்கள். கரடி காதைச் சாய்த்துக் கேட்கிறது. பிறகு முன்னங்காலை ஊன்றுகிறது, பாதை அதிர்கிறது, புதர் அதை உள்வாங்கிக்கொள்கிறது. இலைகள் அசைந்து அடங்கிவிடுகின்றன. அப்போதும் இருவரும் அந்தப் புதரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.