ஒரு கட்டம் தள்ளி

வரவேற்பு மேஜை அக்கா கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, புரோகிராம் எழுதும் பெண்ணின் வாயில் பிஸ்கட் இருந்தது.

அக்காவுக்கு இன்றோடு வேலை இல்லை என்று நாலே வரி. பதினோரு வருஷம் மாடாய் உழைத்தவளுக்கு நாலு வரி.

நீ செய்த ஃபார்மில் இருந்துதானே கடிதம் வருகிறது, ஒரு தடவை பாரேன் என்றாள் அக்கா. அவளுக்கு இரண்டு பிள்ளைகள்; சம்பாதிக்க அவளை விட்டால் ஆளில்லை.

கம்ப்யூட்டர் திரையில் வரும் அந்த ஃபார்ம் ரொம்பச் சாதாரணம். ஊழியர் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். டிக் போட்டுப் பொத்தானை அழுத்தினால் அந்த ஆளுக்குக் கடிதம் அச்சாகும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வை, பெயர் சொல்லியே புரோகிராமில் கூப்பிடு என்று எல்லோரும் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். மகாராணி கேட்டால்தானே! ஒன்று, இரண்டு என்று வரிசை எண்ணாலேயே கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டாள்.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். இங்கே யார் முகமும் அவருக்குத் தெரியாது. ஒரு ஆளைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலின் உச்சியில் ‘எல்லோரும்’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். எப்போதாவது உதவுமாம்.

ஐந்தே நிமிஷத்தில் சேர்த்துக் கொடுத்தாள். அது முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ள, மற்றவை ஒவ்வொரு எண் தள்ளிப் போயின. புரோகிராம் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே இருந்தது. மூன்றாவது ஆளுக்கு டிக் போட்டால் நான்காவது ஆளுக்குக் கடிதம்.

அவர் ஒரே ஒரு டிக் போட்டார். அச்சாகி வந்ததைப் படிக்காமல் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது திறந்து பார்த்தால் அக்காவின் கட்டம் காலி. டிக் இருந்தது அதற்கு நேர் மேலே.

தலைமை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், அக்கா நாளைக்கும் வேலைக்கு வரலாம்.

அவள் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். மேலே இருந்த டிக்கை எடுத்தாள். அக்காவின் கட்டத்தில் போட்டாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"நீங்களே பாருங்கக்கா. உங்களுக்குத்தான் போட்டிருக்காங்க."

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். தன் பெயரை. அதற்கு நேர் மேலே இருந்த இவள் பெயரை.

"நல்லவேளை, நீயாவது தப்பிச்சியே" என்று இவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, மேஜையைக் காலி செய்யப் போனாள்.