ஸ்டெப்னியின் ஒட்டு

மலைப்பாதையில் ஆட்கள் நிறைந்த வேன் ஒன்று பஞ்சராகி நின்றது. டிரைவர் பின்னால் கிடந்த ஸ்டெப்னி டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு தடவை ஆணி ஏறி ஒட்டுப் போட்டதிலிருந்து அது ரோட்டைத் தொட்டதே இல்லை.

“என்னால முடியாதுண்ணே. ஒட்டு விட்டுப் போச்சுன்னா அத்தனை பேரும் பள்ளத்துல” என்று டயர் ஜாக்கியிடம் அழுதது.

வேனைத் தலையில் தாங்கி நின்ற ஜாக்கி முனகியது. “சீக்கிரம் மாட்டிக்கப்பா. கழுத்து போகுது எனக்கு.”

டயரை மாட்டியதும் வேன் மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஒட்டு கீழே வந்து அமுங்கியது. இப்போது விட்டுவிடுமோ, இப்போது விட்டுவிடுமோ என்று டயருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கொண்டை ஊசி வளைவில் கூர்ங்கல் ஒன்று குத்தியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அடிவாரத்துக் கடையில் பஞ்சரான டயருக்கு ஒட்டுப் போட்டார்கள். “இது ஸ்டெப்னியா கிடக்கட்டும். அது நல்லா ஓடுது” என்றார் டிரைவர்.

புது ஒட்டோடு வந்த டயர் பழைய ஸ்டெப்னியிடம் கேட்டது. “உனக்கு இப்பப் பயம் போயிடுச்சாண்ணே?”

“எங்கப்பா போச்சு? பேச நேரமில்ல, வண்டி கிளம்புது. ஒட்டு மறுபடி கீழ வருது” என்று சொல்லிக்கொண்டே அது உருண்டது.