ரெங்கத்தில் பொங்கும் சமாதானம்

கடல் தாண்டிய ஜோகூரில், ரெங்கம் மிஷன் வீட்டில் அன்று இருவர். சாய்வு நாற்காலியில் காய்ச்சலோடு போதகர் கனகரத்தினம். மேசையில், அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதும் மனைவி நேசம்மா.

“‘இங்கே சமாதானமும் சந்தோஷமும் பொங்கி வழிகின்றன’ எண்டு எழுதும்.”

“பொங்குறது மழைத்தண்ணி! கட்டிலுக்குக் கீழ அட்டை ஊருது. பிரசங்கத்துக்கு வாறது ஒரேயொரு ஆள், அதுவும் நித்திரை கொள்ள. இப்பிடி எழுதினா மிஷன்காரர் எங்களை எப்ப யாழ்ப்பாணத்துக்குத் திருப்பிக் கூப்பிடுவினம்?”

“‘குளிர்ந்த காற்று, வசனத்துக்கு ஏங்கும் ஆத்துமாக்கள்...’”

“இதை எங்கயோ வாசிச்ச மாதிரிக் கிடக்கு.”

“முந்தின போதகர் எங்களுக்கு எழுதினதுதான். அதை நம்பித்தானே கப்பல் ஏறினனாங்கள்! எங்கட இடத்துக்கு ஒருத்தர் வந்தால்தான் நாங்கள் போகலாமாம். மேல்விலாசம் எழுதும்: புதுப் போதகர் செல்லையா, பருத்தித்துறை.”

நேசம்மா, ‘பழங்களும் மலிவு’ என்று தானாகவே ஒரு வரி சேர்த்து, உறையை ஒட்டித் தபாலுக்கு அனுப்பினாள்.