கைவிடாத மூன்று புரதங்கள்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் பல்செட் இந்த இடத்திலேயே கழன்று விழட்டும். ஆய்வு மாணவி ஜெசிந்தாவின் புரதங்கள் மூன்றும் கைகோத்து நின்றால்தான், வெளியிலிருந்து வரும் செய்தி உடம்பின் செல்லுக்குள் போகும். ஆனால் செல்லை உடைத்து உப்புக் கரைசலில் கழுவினால் போதும், ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

“இன்னைக்கும் பிரிஞ்சா தலைப்பை மாத்திரும்மா. நாலு வருஷம் போச்சு” என்றார் பேராசிரியர் மாசிலாமணி.

“பிரியாது சார்.”

ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு சோதனைக் குழாயை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். “யாராவது கைய விட்டீங்க, தொலைச்சிருவேன்!” கை மரத்துப்போகும்வரை கழுவினாள். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் வைத்து முழுவேகத்தில் முடுக்கினாள். உள்ளே பிடித்த பிடியில் குழாய் அசையவே இல்லை. கட்டடம்தான் அதைச் சுற்றிச் சுழன்றது. கேண்டீன் வடக்கே போயிற்று. வாட்ச்மேன் வாசலைத் துரத்திக்கொண்டு ஓடினார். மாசிலாமணி மேசைக்காலைக் கட்டிக்கொண்டு, “நம்புறேம்மா, நிறுத்து!” என்று அலறினார்.

“பிரியலைன்னு எழுதிக் குடுங்க சார், நிறுத்துறேன்” என்றாள் ஜெசிந்தா.

பிறகு பார்த்தால், புரதம் இருந்த குழாய் ஐஸ் பெட்டியிலேயே கிடந்தது. அவள் மாற்றி எடுத்து, மிரட்டிச் சுழற்றியது வெறும் உப்புக் கரைசல்.