பன்னிரண்டு முட்டுகள்

ஷாகுல் ஹமீது சுத்தியலை ஓங்கியபோது பூவம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஆப்பு தெறித்தது. முதல் சவுக்கு முட்டு சாய்ந்தது. மேலே இருந்த தளம் அப்படியே நின்றது.

வேலிக்கு வெளியே நின்ற வேலையாட்கள் கைதட்டினார்கள். திருவொற்றியூரில் ஒரு எண்ணெய் ஆலைக்கு அவர்கள் கட்டிய இஞ்சின் அறை அது. அந்தக் கூட்டத்துக்கு அதுதான் முதல் சிமெண்டுத் தளம். இருபத்தோரு நாளாகப் பன்னிரண்டு முட்டுகள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. நாளைக்கு இஞ்சின் வருகிறது. இன்றைக்கு முட்டுகளைத் தட்டியே ஆகவேண்டும்.

கான்டிராக்டர் ஷாகுல் ஹமீதுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுண்ணாம்பில் வளைவு கட்டிய காலத்திலிருந்தே கடைசி முட்டை அவரே கீழே நின்று தட்டுவார். விழுந்தால் என் தலையில் விழட்டும் என்பார். இதுவரை விழுந்ததில்லை.

இன்று பன்னிரண்டையும் தானே தட்டுவதாகச் சொல்லிவிட்டார். தச்சன் வேம்புவைக்கூடக் கிட்டே சேர்க்கவில்லை. கைக்கடிகாரத்தையும் சாவிக்கொத்தையும் கழற்றிப் பூவம்மாவிடம் கொடுத்து, மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"பாய்க்கு இன்னிக்கி மாப்ள முறுக்கு" என்றான் வேம்பு.

எல்லோரும் சிரித்தார்கள். பூவம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது முட்டு சாய்ந்தது. மூன்றாவதும் சாய்ந்தது.

காலையில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. மிச்சமிருந்த சிமெண்டு மூட்டையின்மேல் உட்கார்ந்து வேம்பு பொரியுருண்டை தின்றுகொண்டிருந்தான். ஆலையின் ஓவர்சியர் சங்கரநாராயணன் அதைப் பார்த்துவிட்டுக் குதி குதியென்று குதித்தார். சர்க்கார் பெர்மிட்டுக்கு நாயாய் அலைந்து வாங்கிய சிமெண்டு, அதில் ஒரு பிடி வெல்லம் கலந்தாலும் போயிற்று, இறுகவே இறுகாது, மண்தான் என்றார். வேம்பு உதட்டில் ஒட்டியிருந்த பொரியைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக எழுந்து போனான்.

பூவம்மா முந்தானை நுனியைத் தடவிப் பார்த்தாள்.

பதினாறு வருஷமாகப் பாயின் சுண்ணாம்புக்கு வெல்லமும் கடுக்காயும் ஊறவைத்துத் தண்ணீர் ஊற்றியவள் அவள். என் வளைவில் ஒரு கீறல் காட்டுகிறவனுக்கு ஒரு தேக்சா பிரியாணி என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பாய் சவால் விட்டது அந்தத் தண்ணீரை நம்பித்தான். யாரும் பிரியாணி தின்றதில்லை.

தளம் போட்ட அன்று ஓவர்சியர், வெறும் தண்ணீரே போதும் என்றார். பாயும் தலையாட்டினார். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. உப்பில்லாத சோற்றை ஊருக்குப் பரிமாறுகிற மாதிரி இருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு உருண்டை வெல்லத்தை, யாரும் பார்க்காத நேரத்தில் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டுவிட்டாள். நல்லதுதான் செய்தோம் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்தப் பீப்பாய்த் தண்ணீர் முழுக்க இப்போது பாயின் தலைக்கு மேலே இருந்தது.

ஐந்து. ஆறு.

சொன்னால் தளத்தை இடிப்பார்கள். இன்னொரு பெர்மிட்டு லேசில் கிடைக்காது. பாயின் பெயர் கெடும், அவள் பிழைப்பும் போகும். சொல்லாவிட்டால் பாயே போய்விடுவார்.

பாவம், மனுஷன் இந்தத் தளத்தின்மேல் உயிரையே வைத்திருந்தார். மூன்று வாரமாகத் தினமும் விடிந்ததும் விடியாததுமாகத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் மேலே ஏறிவிடுவார். குந்தி உட்கார்ந்து ஆணியால் கீறிக் கீறிப் பார்ப்பார். புதுப் பெண்டாட்டியைப் பார்க்க ஓடுகிற மாதிரி ஓடுகிறாரே என்று சித்தாள் பெண்கள் கேலி செய்வார்கள். அவர் அடுத்த இடத்தைக் கீறிப் பார்ப்பார்.

ஏழாவது முட்டு முனகிக்கொண்டே சாய்ந்தது.

எட்டாவதன் ஆப்பு அசையவில்லை. தளம் தன் கனத்தையெல்லாம் அந்தக் கழியின்மேல் இறக்கியிருந்தது. பாய் இன்னொரு அடி கொடுத்தார். மேலிருந்து சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்து அவர் தொப்பியில் விழுந்தது.

வேலிக்கு வெளியே நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். கடல் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. சுத்தியலை மறுபடி ஓங்கினார்.

பூவம்மா ஓடினாள். வேம்பு எட்டிப் பிடித்ததில் முந்தானை கிழிந்தது. அதோடு தளத்துக்கு அடியில் புகுந்து, பாயின் ஓங்கிய கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். பதினாறு வருஷத்தில் அவள் அவரைத் தொட்டதே இல்லை.

"வெளிய போமே! இன்னா, சாவறதுக்கு வந்துகீறியா?" என்று கத்தினார்.

"பாய், பீப்பா தண்ணில நான் வெல்லம் போட்டுட்டேன் பாய்."

சுத்தியல் கீழே விழுந்தது. இனி அடி விழும் என்று அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மடியில் அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடி விழவில்லை.

"நீயுமா?" என்றார் ஷாகுல் ஹமீது.

அவள் கண்ணைத் திறந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.