இருபது முகங்கள்

காலை ஒன்பதரைக்குச் சுவரிலிருக்கும் கேமரா முகங்களை எண்ணும். இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் பள்ளி அன்றே மூடப்படும். அடுத்த பள்ளி பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

அந்த உத்தரவுக்கு ஆதாரம் பேராசிரியர் எஸ்தரின் கட்டுரை. அரசு கைவிடுவதால்தான் சிறிய பள்ளிகளில் படிப்பு கெடுகிறது என்று எழுதியிருந்தார். அரசுக்காக உத்தரவை எழுதிய செயற்கை நுண்ணறிவு இயந்திரம், சிறிய பள்ளிகளில் படிப்பு கெடுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது.

உத்தரவு அமலுக்கு வந்த அன்று அந்தப் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள்தான் இருந்தார்கள். அது தெரிந்து ஒன்பது மணிக்கே எஸ்தர் வந்தார்.

"சேர்க்கைப் படிவம் குடுங்க."

"யாருக்கு மேடம்?" என்றார் தலைமை ஆசிரியை கோமளவல்லி.

"எனக்குத்தான். ஒண்ணாம் வகுப்பு."

"விளையாடாதீங்க. உங்களுக்கு ஐம்பத்தேழு வயசு!"

"அஞ்சு வயசு ஆகியிருக்கணும்னுதான் விதி. அதுக்கு மேல எவ்வளவுன்னு எங்கயும் இல்ல. முப்பது வருஷமா இந்தப் பள்ளிக்கூட விதிகளைத்தானே படிக்கிறேன்?"

"யுனிவர்சிட்டி வேலை?"

"வேலையில இருக்கறவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. காலையிலேயே ராஜினாமா அனுப்பிட்டேன்."

எஸ்தர் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். கேமரா இருபது என்று காட்டியது.

கோமளவல்லி மெதுவாகக் கேட்டார். "நாளைக்கும் எண்ணுமே மேடம்?"

"அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் வருவேன், டீச்சர்."