உடும்புப்பிடி

“இது ஆறிப்போச்சுடா. வேற ஊத்திட்டு வா” என்று டம்ளரை நீட்டினார் உடும்பு.

இரும்பு வார்ப்புப் பட்டறையில் அவருக்கு அதுதான் பெயர். கிரைண்டர் மெஷின் எப்படி உதறினாலும் பதினாறு வருஷமாகப் பிடி விடாதவர்.

மைத்துனன் துண்டு நுனியால் டம்ளரை வாங்கினான். “மூணாவது டீ மாமா. ஒரு வாய்கூடக் குடிக்கலை. கேன்டீன்காரர் என்னை முறைக்கிறார்.”

“முறைச்சா முறைக்கட்டும். மெஷின் உதறி உதறி, இப்பக் கை குளிர்ந்தாலே விரல் சுண்ணாம்பா வெளுத்துடுது. டாக்டர் கண்ணுல பட்டா நம்ம கதை முடிஞ்சது.”

போன வாரம் எதிரே இருந்த டாக்டர் அறைக் கதவுக்குள் மூன்று பேர் போனார்கள். மூன்று பேரின் பட்டறை அலமாரியிலும் இப்போது வேறு ஆளின் பூட்டு. உடும்பின் வீட்டில் ஐந்து வயிறு இந்த இரண்டு கையை நம்பி இருக்கிறது.

ஆவி பறந்த புது டம்ளரை இரு கையாலும் பொத்திக்கொண்டார். பெயரைக் கூப்பிடும்வரை கீழே வைக்கவில்லை.

உள்ளே ஏசி குளிர். டாக்டரம்மா மேஜைமேல் அவர் கைகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். நகம் நகமாக அழுத்திப் பார்த்தார்.

“விரல் வெளுக்குதா?”

“இல்லீங்க.”

“மரத்துப் போகுதா?”

“அதெல்லாம் வயசானவங்களுக்கு வர்றதும்மா.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “சட்டைப் பொத்தானைக் கழட்டி மாட்டுங்க.”

ஒரு வாரமாக வீட்டில் இதே வேலைதான். விரலுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்த்துப் பார்த்து மாட்டினார். ஐந்து பொத்தானும் ஏறின.

“நிறமும் நல்லாத்தான் இருக்கு” என்று முனகியபடி டாக்டரம்மா தாளில் எதையோ எழுதினார். தலைகீழாகவே படித்துவிட்டார் உடும்பு. ‘வேலைக்குத் தகுதி.’ கீழே கையெழுத்தும் விழுந்தது.

சாமி பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் ஏந்தினார்.

தாள் கைக்கு வரவில்லை. டாக்டரம்மா மறுமுனையை விடாமல் பிடித்திருந்தார். அவர் பார்வை தாளின்மேல் இல்லை; உடும்பின் உள்ளங்கையில் இருந்தது.

“இவ்வளவு பெரிய கொப்புளம்... இப்பத்தான் பொங்கின மாதிரி இருக்கே. வலிக்கலையா?”

கையெழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே உடும்பு கேட்டார்:

“எந்தக் கொப்புளம்?”